இடுப்பில் பந்து

ஒரே இயக்குநரிடம் ஒன்பது படங்களில் நான் அசோசியேட் டைரக்டர். ஒன்பதிலும் திரையில் என் பெயர் வரும் நேரத்தில்தான் ஜனங்கள் இருட்டில் சீட்டைத் தேடிக்கொண்டு, ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டிருப்பார்கள். பத்தாவது, இந்தக் கூடைப்பந்துப் படம். பதினோரு வருஷமாக ஒரு மேட்ச்கூட ஜெயிக்காத ஒரு சர்ச் டீம். அதில் ஓர் உதவாக்கரை வந்து சேருகிறான். கடைசி நொடியில் கூடை போட்டு டீமை ஜெயிக்க வைக்கிறான். சிரிப்புப் படம். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு.

அந்தச் சனிக்கிழமை காலை இயக்குநர் என் தோளில் கை போட்டார். அவர் தோளில் கை போட்டால் நமக்குத் தலையில் வேலை ஏறுகிறது என்று அர்த்தம்.

"யோவ், க்ளைமாக்ஸ நீயே எடுத்துடு. எனக்குப் பாட்டு மிக்ஸிங் இருக்கு. நாலு மணிக்கு முதலாளியம்மா ஸ்பாட்டுக்கு வர்றாங்க. ஷாட் நல்லா இருந்தா உன் கதைய நானே அவங்ககிட்ட சொல்றேன். அடுத்த படம் உனக்குத்தான், போதுமா?"

போதுமாவா? ஆறு வருஷமாக என் கதை ஒரு மஞ்சள் ஃபைலில் என் பையோடு சுற்றிக்கொண்டிருக்கிறது. ஃபைலின் மூலையெல்லாம் நைந்து பஞ்சு தெரிகிறது. இன்னொரு பக்கம் என் மச்சான், மனைவியின் அண்ணன், தன் டைல்ஸ் கடையில் மேனேஜர் நாற்காலி ஒன்றை எனக்காகத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். காலையில் கிளம்பும்போது மனைவி கேட்டாள். "இன்னிக்கும் நடக்கலன்னா, திங்கக்கிழமை வர்றீங்கன்னு அண்ணன்கிட்ட சொல்லிடவா?" கோபமாகக் கேட்கவில்லை. குழம்புக்கு உப்புப் போதுமா என்று கேட்கிற குரலில் கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன், மனது லேசாகியிருக்கும்.

ஆக, அன்று எனக்கு வேண்டியது ஒரே ஒரு ஷாட். நாலு மணிக்குள்.

அந்த ஒரு ஷாட்டில்தான் வில்லங்கம். க்ளைமாக்ஸ் முழுவதும் ஒரே ஷாட், நடுவில் வெட்டே கிடையாது, ஹீரோ நிஜமாகவே கூடை போடுகிறார் என்று இயக்குநர் போகிற இடமெல்லாம் பேட்டி கொடுத்து வைத்திருந்தார். பேட்டி கொடுத்தவர் மிக்ஸிங்குக்குப் போய்விட்டார். கூடை போட வேண்டியவர் ஹீரோ. ஹீரோவுக்குச் சண்டை வரும், நடனம் வரும், கண்ணீர்கூட கிளிசரின் இல்லாமல் வரும். பந்து மட்டும் வராது.

இடம் சர்ச்சை ஒட்டிய சிமெண்டுத் தரை. இரண்டு பக்கமும் துருப்பிடித்த கம்பத்தில் வளையம். ஒரு மூலையில் மடக்கு நாற்காலிகள் அடுக்கி வைத்திருந்தார்கள். சாயங்காலம் ஒரு கல்யாணம். நாலு மணிக்கு இடத்தைக் காலி செய்துவிட வேண்டும் என்று பாஸ்டர் முதல்நாளே சொல்லியிருந்தார். ஹீரோவும் நாலு மணிக்கு விமானத்தைப் பிடிக்கக் கிளம்பிவிடுவார்.

நடிகர்களைப் போட்டால் செயற்கையாக இருக்கும் என்று, அந்த சர்ச்சின் நிஜ டீமையே நடிக்க வைத்திருந்தோம். கதையே அவர்களுடையதுதான், பதினோரு வருஷத் தோல்வியும் அவர்கள் சொந்தமாகச் சம்பாதித்தது. ஹீரோவின் பக்கம் நாலு பேர், எதிர்ப்பக்கம் ஐந்து பேர். ஹீரோவுக்குப் பந்தைத் தூக்கிப் போட வேண்டியவர் தபால்காரர். ஐம்பது வயது, நடந்தே இறுகிப்போன கால்கள். ஹீரோவை மறிக்க வருகிற ஆளைத் தடுத்து நிற்க வேண்டியவர் டெய்லர். குட்டையானவர், கழுத்தில் எப்போதும் அளவு டேப். ஷாட்டுக்கு முன் அதைக் கழற்ற வைப்பதே தனி வேலை. மறிக்க வருகிறவர் பல் டாக்டர். ஆறடிக்கு மேல் உயரம், மறிக்காமல் இருக்கத் தெரியாத மனிதர்.

வேடிக்கை பார்க்கும் கூட்டமாகப் படிக்கட்டில் பாடற்குழுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கூடை விழுந்தால் மட்டும் கைதட்டுங்கள் என்று சொல்லியிருந்தேன். விழாவிட்டாலும் தட்டினார்கள். கேட்டால், "பாவம் சார், புள்ள எவ்வளவு முயற்சி பண்ணுது" என்றார்கள்.

முதல் டேக்கில் பந்து வளையத்துக்குக் கீழே போனது. நாலாவதில் கேமராமேனின் டீ கிளாஸ். ஒன்பதாவதில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின்மேல் போய் உட்கார்ந்துகொண்டது. ஏணி தேடி எடுத்துவர இருபது நிமிஷம். ஹீரோ இடுப்பில் கை வைத்துக்கொண்டு வளையத்தை அண்ணாந்து பார்த்தார்.

"வளையம் கொஞ்சம் கோணலா இல்ல?"

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். ஆளைக் கூப்பிட்டு மட்டப்பலகை வைத்துப் பார்க்கச் சொன்னேன். வளையம் நேராக இருந்தது. "லேசா கோணல் சார், சரி பண்ணியாச்சு" என்று ஹீரோவிடம் சொன்னேன்.

பதினேழாவது டேக்கில், கும்பிட்ட தெய்வம் எதுவோ கண் திறந்தது. தபால்காரர் பந்தைப் போட்டார். டெய்லர் குறுக்கே பாய்ந்தார், பல் டாக்டர் தடுமாறி நின்றார், ஹீரோ எம்பினார். பந்து பலகையில் பட்டு, வளையத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, உள்ளே விழுந்தது. பாடற்குழு எழுந்து நின்று கத்தியது.

அப்போது டெய்லர் வலது கையைத் தூக்கினார்.

"என்னோட ஃபவுல். முழங்கையால இடிச்சுட்டேன். இந்தக் கூடை செல்லாது."

ஒன்பது பேரும் தலையாட்டிவிட்டு நின்றுவிட்டார்கள். பந்து எதிரணியின் கைக்குப் போய்விட்டது. பல் டாக்டர் அதை வாங்கிக்கொண்டு, "பரவால்ல, பெருசா படல" என்று டெய்லருக்கு ஆறுதல் வேறு சொன்னார்.

"கட்!" என்று நான் கத்தியதில் படிக்கட்டுக்குப் பின்னாலிருந்த புறாக்கள் பறந்தன. "அண்ணே! என்னண்ணே பண்றீங்க?"

"இடிச்சுட்டேன் சார்."

"இடிச்சா என்ன? இது ஆக்டிங்!"

"ஆக்டிங்தான் சார். ஆனா இடிச்சது நிஜம்தானே?"

நாற்பத்து மூன்று வயதில், சினிமாவில் இருபது வருஷம் குப்பை கொட்டிய பிறகு, ஒரு டெய்லர் என்னை வாயடைக்க வைத்தார். அவரை ஓரமாக இழுத்துப் போனேன்.

"அப்ப இடிக்காம நில்லுங்க."

"இடிக்காம நின்னா டாக்டர் வந்துடுவாரு சார். ஹீரோ சாரால போட முடியாது."

"அப்ப இடிங்க. கைய மட்டும் தூக்காதீங்க."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. நடுத்தெருவில் சட்டையைக் கழற்றச் சொன்னதுபோல் பார்த்தார். தபால்காரர்தான் விளக்கினார். சனிக்கிழமைதோறும் அவர்கள் விளையாடுவது ரெஃபரி இல்லாமல். யார் தப்புச் செய்தாரோ அவரே கை தூக்க வேண்டும். அடுத்தவனைப் பார்த்து விரல் நீட்டக் கூடாது. ரெஃபரி உள்ள மேட்சுக்குப் போனாலும் அந்தப் பழக்கம் விடுவதில்லை. "போன வருஷம் ரெஃபரி பாக்காத ஃபவுலுக்கெல்லாம் கை தூக்கினோம் சார். அவரு எங்களத்தான் திட்டினாரு, என் வேலைய நீங்க ஏன் செய்யறீங்கன்னு."

பதினோரு வருஷம் ஏன் தோற்றார்கள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. திரைக்கதை எழுதிய மூன்று பேருக்கும் அது புரிந்திருக்கவில்லை.

"யாராவது கை தூக்காம இருந்தா?" என்று கேட்டேன்.

"தூக்குவாங்க சார்" என்றார் தபால்காரர்.

மீதிப் பதிலை மதியச் சாப்பாட்டு நேரத்தில் பார்த்தேன். சாப்பிட்ட கை காயுமுன் சும்மா ஆடிப் பார்க்கிறோம் என்று இறங்கினார்கள். பல் டாக்டர் யாருடைய சட்டையையோ பிடித்து இழுத்தார். ஆனால் கை தூக்கவில்லை. பந்து தபால்காரரிடம் இருந்தது. அவர் அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றுவிட்டார். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, முறைக்கவும் இல்லை. பஸ் வரட்டும் என்று நிற்பவர்கள்போல எல்லாரும் டாக்டரை அமைதியாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். டாக்டர் வானத்தைப் பார்த்தார், ஷூ நாடாவைக் கட்டினார், மூக்கைச் சொறிந்தார். மூன்று நிமிஷம் கழித்துக் கை மேலே போனது. "சரி, பந்து உங்களுது" என்றார் யாரோ, ஆட்டம் தொடர்ந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மூன்று நிமிஷத்தில் ஒரு டேக் எடுத்திருக்கலாம்.

சாப்பாட்டுக்குப் பிறகு டெய்லரை எடுத்துவிட்டு, டீமிலேயே இருந்த ஒரு பேக்கரிக்காரரை அங்கே நிறுத்தினேன். பேக்கரிக்காரர் இடித்தார், பந்து விழவே இல்லை, அதற்கும் கை தூக்கினார். மறுபடி டெய்லரைக் கொண்டுவந்தேன். கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னேன். கைகளைக் கட்டினால் நிலை தடுமாறி ஹீரோமேலேயே விழுந்தார். மணி மூன்றரை. டேக் முப்பத்தைந்து. ஹீரோ என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டு, தன் மேக்கப்மேன் மூலம் பேச ஆரம்பித்திருந்தார்.

கடைசியில் டெய்லரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும்.

"அண்ணே, இது என் பொழப்பு. இந்த ஒரு ஷாட்ல என் வாழ்க்கை தொங்குது. ஒரே ஒரு தடவை. கைய கீழ வெச்சுக்குங்க."

"முயற்சி பண்றேன் சார்" என்றார். ஒரு மனிதனுக்காகப் பொய்ச்சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டவர்போல் அவர் முகம் இருந்தது. எனக்கே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனாலும் "ரெடி, கேமரா" என்றேன்.

முப்பத்தெட்டாவது டேக். மணி மூன்று ஐம்பது.

தபால்காரர் போட்டார். டெய்லர் இடித்தார். ஹீரோ எம்பினார். பந்து வளையத்தைத் தொடாமல் வலையை மட்டும் உரசிக்கொண்டு உள்ளே இறங்கியது. அப்படி ஒரு கூடையை அந்தத் தரை பார்த்திருக்காது. பாடற்குழு படிக்கட்டிலிருந்து குதித்து ஓடி வந்தது. பேக்கரிக்காரரும் இன்னொருவரும் ஹீரோவைத் தோளில் தூக்கினார்கள். என் கண் டெய்லரின் கையிலேயே இருந்தது. கை கீழேதான் இருந்தது. கால்சட்டைத் துணியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. கை மெல்ல மேலே வந்தது. காதைச் சொறிவதுபோல் காதருகில் நின்றது. இறங்கு, இறங்கு என்று நான் உதட்டுக்குள் முனகினேன். அது இறங்கவில்லை. முழுசாக மேலே போய்விட்டது.

"மன்னிச்சுடுங்க" என்றார் டெய்லர். அழாத குறை.

கத்திக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே அடங்கியது. ஹீரோவைத் தூக்கியவர்கள் அரிசி மூட்டையை இறக்குவதுபோல் அவரைக் கீழே இறக்கி வைத்தார்கள். "செல்லாதுங்க" என்று பேக்கரிக்காரர் அவரிடம் பணிவாகச் சொன்னார். ஹீரோ டெய்லரைப் பார்த்தார், வளையத்தைப் பார்த்தார், தன் கைகளைப் பார்த்தார். அவர் முகத்தில் வந்த அந்த முழிப்பை எந்த இயக்குநராலும் சொல்லிக்கொடுத்து வாங்கியிருக்க முடியாது. அது நடிப்பே இல்லை.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. கட் சொல்லவே மறந்துவிட்டேன். கேமராமேன் தானே நிறுத்தினார். ஹீரோ காரில் ஏறிப் போய்விட்டார். நான் மடக்கு நாற்காலி ஒன்றை விரித்து உட்கார்ந்தேன். பையில் மஞ்சள் ஃபைல் முதுகில் குத்தியது.

நாலு மணிக்கு முதலாளியம்மா வந்தார். எங்கள் தயாரிப்பாளர். அதிகம் பேசாதவர், சிரித்து நான் பார்த்ததில்லை. "எடுத்தீங்களா? போடுங்க பாக்கலாம்" என்று மானிட்டர் முன்னால் உட்கார்ந்தார். வேறு வழியில்லை, கேமராமேன் முப்பத்தெட்டாவதைப் போட்டார்.

கை மேலே போன இடத்தில் அவர் தோள் குலுங்கியது. ஹீரோவை இறக்கி வைத்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி போடச் சொன்னார். மூன்று தடவை பார்த்தார்.

"ஜெயிச்ச கூடைய இவங்களே வேண்டாம்னு சொல்லிட்டுத் தோக்கறாங்க! இதுதான்யா க்ளைமாக்ஸ். ஸ்கிரிப்ட்ல இது இல்லையே, யார் ஐடியா?"

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. டீம் முழுவதும் ஆறடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தது. கேமராமேன் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆறு வருஷம், மஞ்சள் ஃபைல், டைல்ஸ் கடை, எல்லாம் ஒரே நொடியில் என் நாக்கின் நுனியில் வந்து நின்றன.

"என்னோடதும்மா" என்றேன்.

"அப்படியா!" அவர் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். "கதை ஏதோ வெச்சிருக்கீங்கன்னு டைரக்டர் சொன்னாரே. என்ன கதை?"

நான் பையைத் திறந்தேன். ஃபைலை உருவும்போது ஓரக்கண்ணில் பட்டது. தபால்காரர் பந்தை எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டார்.

ஒருவரும் பேசவில்லை. டெய்லர் முகத்தில்கூடக் கோபமே இல்லை, அதுதான் கொடுமை. ஒன்பது பேரும் பஸ்ஸுக்கு நிற்பதுபோல் நின்று என்னைப் பார்த்தார்கள். நான் ஃபைலைப் பிரித்தேன். முதல் பக்கத்தைப் பார்த்தேன், எழுத்து எதுவும் புரியவில்லை. வானத்தைப் பார்த்தேன். ஷூ நாடா அவிழ்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன், நான் போட்டிருந்தது செருப்பு.

பாழாய்ப்போன என் கை. நான் தூக்கச் சொல்லவில்லை, அதுவே மேலே போனது.

"என்னோடது இல்லம்மா" என்றேன். "அவரு நிஜமாவே கை தூக்கிட்டாரு. நான் தூக்காதீங்கன்னு கெஞ்சிட்டிருந்தேன்."

தபால்காரர் பந்தை இடுப்பிலிருந்து எடுத்துத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினார். முதலாளியம்மா என்னையும் பந்தையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன நடந்தது என்று டெய்லர் நாலு வார்த்தையில் சொன்னார். முதலாளியம்மா தலையாட்டிக்கொண்டார்.

"உண்மைய சொன்னீங்க, சந்தோஷம். ஆனா பாருங்க, நான் படம் கொடுக்கறது ஐடியா இருக்கறவருக்கு. நீங்க அத நிறுத்தப் பாத்தவரு." திட்டாமல் சொன்னார். சரியாகத்தான் சொன்னார். ஃபைல் என் கையிலேயே இருந்தது, அவர் கேட்கவில்லை.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். எட்டியதை நானே தட்டிவிட்டேன்.

அப்போதுதான் இயக்குநர் வந்து சேர்ந்தார். மானிட்டரில் ஒரு முறை பார்த்தார், முதலாளியம்மாவின் முகத்தை ஒரு முறை பார்த்தார். அவருக்கு அது போதும்.

"பிடிச்சிருக்காம்மா? காலைலயே இவன்கிட்ட சொல்லிட்டுத்தான் போனேன், டெய்லர கை தூக்க விடு, அத மாத்திடாதேன்னு. எழுதறப்பவே மனசுல இருந்தது."

தபால்காரர் தட்டுவதை நிறுத்தினார். பந்து இடுப்புக்குப் போனது.

"என்னய்யா, எல்லாரும் செலை மாதிரி நிக்கறீங்க? பேக்கப்!" என்று சிரித்தார் இயக்குநர். முதலாளியம்மா பந்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது, எனக்குத் தெரியும். ஆனால் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, யாரோ ஒருத்தர் ஐடியா. படம் ஓடும், அது போதும்" என்று சொல்லிவிட்டுக் காருக்கு நடந்தார்.

இயக்குநரும் தன் வண்டியில் ஏறி, கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டார். "ஏறுய்யா. இந்தத் தடவ விட்டுப் போச்சு, அடுத்ததுல பாத்துக்கலாம். நாளைக்கு லொகேஷன் பாக்கப் போறோம், நீதான் அசோசியேட்."

பதினோராவது படம். நான் ஃபைலைப் பையில் வைத்தேன். செல்போனை எடுத்து மனைவிக்கு ஒரு வரி அனுப்பினேன். திங்கட்கிழமை வருகிறேன் என்று உன் அண்ணனிடம் சொல்லிவிடு.

பாஸ்டர் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். "முடிஞ்சுதா? போட ஆரம்பிக்கலாமா?"

"ஒரு நிமிஷம் பாஸ்டர்" என்றார் தபால்காரர். "ஒருத்தர் இன்னும் கை தூக்கல."

"அவரு தூக்க மாட்டாருங்க" என்றேன் நான். "பத்துப் படமா எனக்குத் தெரியும்."

"தூக்குவாரு சார். காலைலேர்ந்து நிக்கறேன், தோள்பட்டை வலிக்குது. கொஞ்சம் பிடிங்க" என்று பந்தை என்னிடம் நீட்டினார்.

வாங்கினேன். பாஸ்டர் நாற்காலிகளைக் கீழே வைத்துவிட்டு, கேள்வி கேட்காமல் எங்களோடு நின்றார். வண்டிக்குள்ளிருந்து இயக்குநர் இரண்டு தடவை ஹார்ன் அடித்தார். "வாய்யா, என்ன அங்க?" என்று கத்தினார். நான் பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஒன்றும் பேசாமல், அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.